பழைய டிராயிங் ஹாலை சைபர் செக்யூரிட்டி லேப் ஆக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

ஒற்றியூர் டீச்சர் கேட்டது:

வணக்கம். திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவில் இருக்கும் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். வரும் ஜூன் முதல் மூன்றாம் ஆண்டுக்கு சைபர் செக்யூரிட்டி லேப் என் பொறுப்பு. 60 பிள்ளைகள், 30 பேராக இரண்டு பேட்ச். வாரத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரம்.

இடம் இரண்டாம் மாடியில் உள்ள பழைய டிராயிங் ஹால். முன்பு லேப் தரைத்தளத்தில்தான் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. யூ.பி.எஸ். பேட்டரிகள் எல்லாம் போயின. இனி கீழே ஒரு மவுஸ்கூட வைக்க மாட்டேன் என்று அடம்பிடித்து வாங்கிய ஹால் இது.

கையில் இருப்பவை 2018இல் வாங்கிய 32 கம்ப்யூட்டர்கள். ஐ3, 8 ஜி.பி. ராம். அதுபோக 12 லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கரஸ்பாண்டென்ட் மனதில் இருப்பது கண்ணாடித் தடுப்பு, நீல விளக்கு, சுவர் முழுக்க டி.வி. கொட்டேஷன் கொண்டுவந்தவர் அந்த டி.வி.யில் உலக வரைபடம் ஓடும், நாட்டுக்கு நாடு அம்புகள் பறக்கும் என்றார். அந்த அம்புகளை வைத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "பார்ப்பாங்க மேடம்" என்றார்.

போன வருடம் வரை செக்யூரிட்டி லேப் என்ற பெயரில் நடந்தது சீசர் சைஃபர், பிளேஃபேர், ஹில் என்ற பழைய ரகசிய எழுத்து முறைகள். ஜாவாவில் எழுதி, அவுட்புட்டை ரெக்கார்ட் நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குவது. கடைசி வகுப்பில் ஒரு பையன், "மேடம், இதை வெச்சு எங்க வீட்டு வைஃபையைக்கூடக் காப்பாத்த முடியாதே" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

பிரின்சிபலுக்கு வேறு கவலை. பூட்டை உடைக்கக் கற்றுக்கொடுத்தால், நாளைக்கு நம்முடைய மார்க் சர்வரையே உடைக்க மாட்டார்களா என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

பணத்தை எதில் போடுவது? கல்லூரி நெட்வொர்க்கை எப்படிக் காப்பது? அறையை எப்படி அமைப்பது?

ஓ.எம்.ஆர். பார்ட்டி பதில்:

மேடம், இந்தக் காலத்தில் லேப் எதற்கு? எல்லாம் பிரவுசரிலேயே இருக்கிறது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் நடத்தும் பிகோ சி.டி.எஃப். என்ற ஹேக்கிங் போட்டி இலவசம். ஓவர் தி வயர் தளத்தில் பாண்டிட் என்று ஒரு விளையாட்டு, லினக்ஸ் கட்டளைகள் தெரியாதவனுக்குக்கூட ஒவ்வொரு படியாக ஏற்றிவிடும். அதுவும் இலவசம். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் சீட் லேப்ஸ் பயிற்சிகளை இறக்கிக்கொண்டால் ஒரு செமஸ்டருக்கு மேலேயே வரும். 12 லட்சத்தில் நல்ல இன்டர்நெட் லைன் போட்டு, மீதியில் ஏசி வாங்குங்கள்.

ராயபுரம் லேப்காரன் பதில்:

மேலே உள்ள தம்பி சொன்ன மூன்றும் நல்ல சரக்கு, மறுக்கவில்லை. வீட்டுப் பயிற்சிக்குக் கொடுங்கள். ஆனால் பிரவுசரில் விளையாடும் பையன் ஒயரைப் பார்க்க மாட்டான், அந்த ஒயர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சைத் தொட மாட்டான். தான் உடைத்த சர்வர் எதிர் மேஜைக்காரனுடையது என்பதும் அவனுக்குத் தெரியாது. அறை வேண்டும் மேடம்.

நான் 22 வருடம் வடசென்னையில் இரண்டு கல்லூரிகளில் லேப் டெக்னீஷியன். போன வருடம் ரிட்டயர்மென்ட். பாடம் நடத்தியது இல்லை. பாடம் நடத்தியவர்கள் கிளம்பிய பிறகு அறையைப் பழையபடி ஆக்கியவன். அந்தப் பக்கத்திலிருந்துதான் எனக்குப் பேசத் தெரியும்.

முதலில் ஒரு கதை. 2016 வாக்கில் நடந்தது, எந்த இடம் என்பது வேண்டாம். ஒரு பையன் தன் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு, அதற்குள் ஒரு வி.எம். (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) உருவாக்கி, டி.ஹெச்.சி.பி. சர்வர், அதாவது மற்ற கம்ப்யூட்டர்களுக்கு ஐ.பி. முகவரி கொடுக்கும் சர்வர், அமைக்கும் பயிற்சியைச் செய்தான். பாடத்தில் இருந்த பயிற்சிதான். ஆனால் அந்த வி.எம். பிரிட்ஜ் மோடில் இருந்தது. அதாவது அவன் உள்ளே செய்தது எல்லாம் கல்லூரியின் மொத்த ஒயருக்கும் கேட்கிறது. அன்று பீஸ் கட்டக் கடைசி நாள். சாப்பாட்டு நேரம் முடிந்து ஆபீஸில் கம்ப்யூட்டர்களை ஆன் செய்தார்கள். "எனக்கு ஒரு ஐ.பி. கொடு" என்று அவை கேட்டதற்கு, கல்லூரி சர்வரை முந்திக்கொண்டு இந்தப் பையனின் வி.எம். பதில் சொல்லிவிட்டது. எல்லா கம்ப்யூட்டருக்கும் தப்பான கேட்வே, அதாவது வெளியே போகத் தப்பான வழி. வெளியே வரிசையில் அப்பா அம்மாக்கள், உள்ளே ஒரு சலான் பிரிண்ட் ஆகவில்லை. ஒரு கம்ப்யூட்டரில் ஐபிகான்ஃபிக் அடித்து, டி.ஹெச்.சி.பி. சர்வர் என்ற இடத்தில் முன்பின் பார்க்காத முகவரி இருப்பதைக் கவனித்து, அதன் அடையாள எண்ணான மேக் அட்ரஸை ஸ்விட்ச் அட்டவணையில் தேடி, 17ஆம் போர்ட்டுக்கு வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆனது. பையனை மூன்று நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். அவன் செய்த தப்பு ஒன்றுமில்லை. லேப் ஒயரையும் ஆபீஸ் ஒயரையும் ஒரே ஸ்விட்ச்சில் குத்தி வைத்திருந்தவன் நான்.

அதனால் உங்கள் பிரின்சிபல் கேள்விக்குப் பதில் சாஃப்ட்வேரில் இல்லை, சுவரில் இருக்கிறது. பயிற்சி செய்யும் கம்ப்யூட்டர்களிலிருந்து ஹாலுக்கு வெளியே போகும் நெட்வொர்க் கேபிள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வி.லேன் போட்டு (ஒரே ஸ்விட்ச்சை செட்டிங்கில் பல நெட்வொர்க்காக்குவது) பிரித்துவிட்டோம், ஃபயர்வால் ரூல் எழுதிவிட்டோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வி.லேன் நல்லதுதான், அதை ஹாலுக்குள்ளே அணிக்கு அணி பிரிக்க வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்கும் லேப்புக்கும் நடுவில் வெறும் காற்றுதான் இருக்க வேண்டும். தேடிப் படிக்க மூலையில் இரண்டு கம்ப்யூட்டர், அவற்றுக்கு மட்டும் இன்டர்நெட். அந்தக் கேபிள்கள் சிவப்பு நிறத்தில் இருக்கட்டும், மற்றதெல்லாம் நீலம். சிவப்பு ஒயர் நீலப் பக்கம் வந்தால் வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்கே தெரிந்துவிடும். வைஃபை கார்டுகளைக் கழற்றிவிடுங்கள். அப்டேட் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில், உங்கள் கையால் மட்டும்.

அடுத்தது பணம். புது கம்ப்யூட்டர் ஒன்றுகூட வாங்க வேண்டாம். இருக்கிற 32ஐயும் வெறும் ஜன்னலாக வைத்துக்கொண்டு, வேலையை எல்லாம் சர்வரில் செய்யுங்கள். புது சர்வர் ஒன்று வாங்கும் காசில் கம்பெனிகள் கழித்துவிட்ட சர்வர் இரண்டு கிடைக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்து, பில்லோடு வாங்குங்கள். ஒன்று ஓட, ஒன்று ஸ்பேர். அதன் மேலே ப்ராக்ஸ்மாக்ஸ், ஒரே சர்வரில் பல வி.எம். ஓட்டும் சாஃப்ட்வேர், இலவசம். ராம் கணக்கு இதுதான்: மூன்று பேர் கொண்ட 10 அணிகள். அணிக்குத் தாக்க ஒரு காளி லினக்ஸ் 4 ஜி.பி., வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த மெட்டாஸ்ப்ளாயிட்டபிள் 1, அதே மாதிரி ஓட்டை வெப்சைட்டான ஜூஸ் ஷாப் ஓடும் வெப் சர்வர் 2, பி.எஃப்.சென்ஸ் ஃபயர்வால் 1. மொத்தம் 8. பத்து அணிக்கு 80. எல்லாருடைய லாக்கும் (மெஷினில் நடந்ததன் பதிவு) வந்து சேர வாஸு என்ற கண்காணிப்பு சாஃப்ட்வேர் ஒன்று, அதற்கு 8. ஆக 88. சர்வரில் 128 ஜி.பி. ராம் இருந்தால் மூச்சுவிட இடம் இருக்கும். ராமில் மிச்சம் பிடித்தாலும் டிஸ்க்கில் பிடிக்காதீர்கள், எஸ்.எஸ்.டி.தான் வேண்டும். காலை 9 மணிக்கு 40 வி.எம். ஒரே நேரத்தில் எழுந்திருக்கும். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் என்றால் டீ குடித்துவிட்டு வந்தாலும் லாகின் திரை வந்திருக்காது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். உடைத்ததைப் பத்து நிமிடத்தில் பழையபடி ஆக்க முடியவில்லை என்றால் அது லேப் இல்லை. பாத்திரம் கழுவ இடம் இல்லாத சமையலறையில் ஒரு வேளைதான் சமைக்க முடியும். நான் பார்த்த லேப்கள் பாதி இப்படித்தான் செத்தன. முதல் வாரம் யாரோ ஒரு சர்வரைக் குலைப்பார்கள். சரிசெய்ய ஆள் இருக்காது. அடுத்த வாரம் "எதையும் தொடாதீங்க" என்று போர்டு தொங்கும். அதற்கு அடுத்த வாரம் ரெக்கார்ட் நோட்டு வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வகை வி.எம்.முக்கும் ஒரு டெம்ப்ளேட் (மூலப் பிரதி) வையுங்கள், அதிலிருந்து லிங்க்டு க்ளோன், அதாவது மாறும் பகுதியை மட்டும் தனியே சேமிக்கும் நகல். வகுப்பு தொடங்கும் முன் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட், முடிந்ததும் அந்த நிலைக்கே திரும்பும் ரோல்பேக். அந்த ரோல்பேக்கைப் பிள்ளைகளே செய்யட்டும். நீங்கள் செய்தால் மூன்றாவது வாரம் சலித்துவிடும்.

முதல் பயிற்சிக்கு ஒரு யோசனை. வி.எஸ்.எஃப்.டி.பி.டி. 2.3.4 என்று, ஃபைல் அனுப்ப உதவும் ஓர் எஃப்.டி.பி. சர்வர். 2011இல் யாரோ அதன் டவுன்லோடு ஃபைலுக்குள் கள்ளக் கதவு வைத்துவிட்டார்கள். யூசர் நேமின் கடைசியில் ஒரு சிரிப்புக் குறி, அதாவது முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் அடித்தால், 6200ஆம் போர்ட் என்ற வாசல் திறந்துகொள்ளும். மெட்டாஸ்ப்ளாயிட்டபிளின் இரண்டாம் பதிப்பில் அது அப்படியே இருக்கிறது. ஒருவன் சிரிப்புக் குறி அடிக்கட்டும், பக்கத்தில் இருப்பவள் அதே நொடி வயர்ஷார்க்கில் அந்தச் சிரிப்பு ஒயரில் ஓடுவதைப் பார்க்கட்டும். பத்து ஸ்லைடு போட்டுச் சொல்லவேண்டியது அங்கேயே முடிந்துவிடும்.

கடல் பக்கம் என்பதால் ஒன்று. உப்புக் காற்று நெட்வொர்க் கேபிள் முனையில் இருக்கும் ஆர்.ஜே.45 பின்களைத் தின்றுவிடும். ஜன்னலை ஒட்டி ஸ்விட்ச் வைக்காதீர்கள், கிரிம்பிங் டூலும் ஒரு பெட்டி கனெக்டரும் எப்போதும் இருக்கட்டும். எர்த்திங் பார்க்க எலக்ட்ரீஷியனை முதல் நாளே வரச் சொல்லுங்கள். நீல விளக்கு கரஸ்பாண்டென்ட் ஆசை என்றால் ஒன்று மாட்டிவிடுங்கள், பாவம்.

ஹார்பர் நைட் ஷிஃப்ட் பதில்:

லேப்காரர் அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். மீஞ்சூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சிஸ்டம் பார்க்கிறேன்.

2017 ஜூன் 27ஆம் தேதி நாட்பெட்யா என்ற மால்வேர் வந்தபோது மெர்ஸ்க் கப்பல் கம்பெனி உலகம் முழுக்கப் படுத்தது. நவி மும்பை ஜே.என்.பி.டி. துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் டெர்மினலும் நின்றது. பிறகு 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் திரும்ப நிறுவினார்கள். அதில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? யார் யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யும் அவர்களுடைய டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் எல்லாம் அழிந்துபோக, கானா நாட்டில் ஒன்று மட்டும் பிழைத்தது. அந்த நேரத்தில் அங்கே கரன்ட் இல்லை! நம் ஊர் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், பேக்கப் எதற்கு என்பதையும் மறக்க மாட்டார்கள்.

இன்னொன்று. உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பாவோ மாமாவோ அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலோ மணலி கம்பெனிகளிலோ துறைமுகத்திலோ இருப்பார்கள். அங்கே ஓடுவது வெப்சைட் இல்லை, வால்வும் மோட்டாரும். அதனால் ஹாலில் ஒரு மேஜையை அதற்கு ஒதுக்குங்கள். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, மீன் தொட்டிக்குப் போடும் சின்ன பம்ப், ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில், மோட்டாரையும் வால்வையும் இயக்கும் ஓப்பன் பி.எல்.சி. சாஃப்ட்வேர். அது பேசும் மொழி மாட்பஸ். 1979இல் வந்தது, இன்றும் ஓடுகிறது. அதன் அடிப்படை வடிவத்தில் பாஸ்வேர்ட் என்ற பேச்சே கிடையாது. 502ஆம் போர்ட்டுக்கு வந்து "பம்பை ஆன் செய்" என்றால் யார் என்று கேட்காமல் செய்யும். தண்ணீர் நிரம்பி மேஜையில் வழியும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். உக்ரைனில் 2015 டிசம்பரில் சுமார் 2.25 லட்சம் பேருக்கு சைபர் தாக்குதலால் மின்சாரம் போனது ஏன் என்று அதற்கப்புறம் சொன்னால் ஏறும். (தொட்டிக்குக் கீழே எக்ஸ்டென்ஷன் போர்டு வைக்காதீர்கள். நான் வைத்தேன்.)

ஒயர் வெளியே போகக் கூடாது என்பதற்கும் நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. 2019இல் கூடங்குளத்தில் நிர்வாக வேலைக்கான ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் இருந்ததை அந்த அணுமின் நிலையத்தை நடத்தும் என்.பி.சி.ஐ.எல். ஒப்புக்கொண்டது. முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்றும் சொன்னது. பிரித்து வைப்பதன் அருமை அங்கேதான் தெரிகிறது.

வியாசர்பாடிப் பொண்ணு பதில்:

மேடம், நான் இந்தப் பக்கத்துக் கல்லூரியில் படித்தவள்தான். இப்போது கம்பெனி நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் ஒரு சாக் டீமில் இருக்கிறேன், இரவு பூராவும் அலர்ட் பார்க்கிற வேலை. கருவிகளைப் பற்றி அண்ணன்கள் சொல்லிவிட்டார்கள். நான் நாற்காலியைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் லேப்பில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். நாற்காலி மூன்று, கீபோர்டு ஒன்று. செமஸ்டர் முழுக்கக் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தது ஒரே பையன். அவன் கெட்டவன் இல்லை, வேகமாக டைப் அடிப்பான், அவ்வளவுதான். நானும் இன்னொரு பெண்ணும் பார்த்துக்கொண்டே பாஸ் ஆனோம். முதல் இன்டர்வியூவில் ஒரு லாக் ஃபைலைத் திறந்து வைத்து "இதில் என்ன நடந்திருக்கு?" என்று கேட்டார்கள். நான் வாழ்க்கையில் ஒரு லாக் ஃபைலை என் கையால் திறந்ததில்லை. அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அதனால் அணிக்குள் மூன்று வேலை வையுங்கள். ஒருவர் தாக்குவார், ஒருவர் லாக் பார்ப்பார், ஒருவர் நடந்ததை நேரத்தோடு எழுதுவார். 40 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து இடம் மாற்றுங்கள். மூன்று சுற்றுக்கு இரண்டு மணி நேரம். மீதி ஒரு மணியில் தொடக்கம், பேச்சு, அந்த ரோல்பேக். மணி அடித்தால் பாதியில் விட்டு எழுந்தே ஆக வேண்டும். அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி எழுதி வைக்கும் பழக்கம் அப்போதுதான் வரும். எங்கள் வேலையில் ஷிஃப்ட் மாறுவது அப்படியே இதுதான்.

மார்க்கை அந்த எழுத்துக்குக் கொடுங்கள் மேடம். உள்ளே நுழைந்துவிட்டான் என்பதற்கு மார்க் கொடுத்தால் யூட்யூப் பார்த்து நுழைந்துவிடுவான். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் போட்ட உத்தரவுப்படி, இன்ன வகைச் சம்பவம் என்றால் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதே மாதிரி ஒரு பக்க ரிப்போர்ட் கேளுங்கள்: எப்போது, எந்த மெஷின், எப்படித் தெரிந்தது, என்ன செய்தோம்.

பிரின்சிபல் சாருக்காக இன்னொன்று. முதல் வகுப்பில் கீபோர்டைத் தொடவிடாமல் 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அனுமதி இல்லாமல் நேர்மையற்ற நோக்கத்தோடு அடுத்தவர் கம்ப்யூட்டரில் நுழைந்தால் மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த ஹாலுக்குள் இந்த ஐ.பி. வரம்புக்கு மட்டும் அனுமதி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கம்பெனிகளில் பென்டெஸ்ட் (அனுமதியோடு உடைத்துப் பார்க்கும் சோதனை) செய்பவர்களும் அப்படி ஒரு தாள் இல்லாமல் தொட மாட்டார்கள், ஆகவே அதுவும் பாடம்தான்.

முடிந்தால் சாயங்காலம் ஆறு வரை திறந்து வையுங்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு போன், நான்கு பேர். பிரவுசரிலேயே படி என்றால் எதில் படிப்பது?

ஒற்றியூர் டீச்சர் பதில்:

எல்லோருக்கும் நன்றி. வியாசர்பாடித் தங்கை, உங்கள் பதிவை எங்கள் ஹெச்.ஓ.டி.யிடம் படித்துக் காட்டினேன். வாரம் மூன்று நாள் ஆறு மணி வரை திறக்கலாம், இரண்டு லேப் அசிஸ்டென்ட்களும் முறை வைத்து இருப்பார்கள் என்றார்.

கழித்துவிட்ட சர்வர் இரண்டுக்கும் ஸ்விட்ச்சுக்கும் மூன்று கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். "பழைய பொருளா?" என்று அக்கவுண்ட்ஸில் முகம் சுளித்தார்கள். வாரன்டி கடிதத்தோடு தந்தால் பார்க்கலாம் என்று இறங்கி வந்திருக்கிறார்கள். டி.வி. ஒன்று மட்டும் வரும், அதில் வாஸுவின் திரை ஓடும் என்று கரஸ்பாண்டென்ட்டைச் சமாதானப்படுத்திவிட்டேன். அம்புகள் இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

தண்ணீர்த் தொட்டி மேஜைதான் பிரின்சிபலுக்குப் பிடித்தது. அவர் மெக்கானிக்கல்காரர், பம்பை நானே கொண்டுவருகிறேன் என்கிறார்.

லேப்காரர் அண்ணா, கடைசியாக ஒன்று. ஹாலில் 40 மர டிராயிங் போர்டுகள் கிடக்கின்றன. ஸ்கிராப்புக்குப் போடச் சொல்கிறார்கள். போட்டுவிடட்டுமா?

ராயபுரம் லேப்காரன் பதில்:

ஐயோ, போடாதீர்கள். மேஜைக்கு ஒன்று சாய்த்து வையுங்கள். அணிக்கு ஒரு சார்ட் பேப்பர், தாக்கத் தொடங்கும் முன் தங்கள் நெட்வொர்க்கை அதில் கையால் வரையட்டும்: எந்த மெஷின், எந்த ஐ.பி., எந்த போர்ட் திறந்திருக்கிறது. வரைய முடியாதவனுக்கு லாகின் கிடையாது.

ஸ்டாக் ரெஜிஸ்டரில் மட்டும் "டிராயிங் போர்டு" என்பதை அடித்து "நெட்வொர்க் வரைபலகை" என்று எழுதி ஹெச்.ஓ.டி. கையெழுத்து வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஆடிட்டில் கம்ப்யூட்டர் லேப்பில் இது எதற்கு என்று கேட்பார்கள்.